வெள்ளிக்கிழமைத் தூசி

14 ஜனவரி, செவ்வாய்

இன்று திரைச்சீலைக் கடையைத் திறக்கவில்லை. வாரநாளில் கடையைப் பூட்டிவைப்பது எனக்குப் பல் பிடுங்குவது மாதிரி. ஆனால் என் புருஷன் ஹார்மெனைத் தனியாக நுரையீரல் பரிசோதனைக்கு அனுப்பினால் திரும்பி வந்து "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்பான். கூடப் போனேன்.

முப்பது வருடம் ரொட்டி அடுப்படியில் மாவைச் சுவாசித்த நெஞ்சு. குழாயில் ஊதச் சொன்னார்கள். ஊதினான். இன்னொரு தடவை. செவிலியர் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"வீட்ல நாய் இருக்கா?"

"இருக்கு. பேரு ட்ரோப்" என்றேன். கறுப்பு அதிமதுர மிட்டாயை எங்கள் ஊரில் ட்ரோப் என்போம், நாய்க்கும் அதே நிறம்.

"முடி கொட்டுமா?"

"அதுக்கு வேற என்ன வேலை?"

அவள் சிரிக்கவில்லை. "ஏப்ரல் கடைசியில மறுபடி ஊதிப் பாக்கலாம். அதுக்குள்ள வீட்ல தூசி குறையணும். அப்பவும் இதே மாதிரி இருந்தா நாய்க்கு வேற வீடு பாத்துடுங்க. இவரு இனிமே வாக்குவம் கிளீனர் எடுத்துப் பெருக்கவே கூடாது."

ரயிலில் ஹார்மென் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான். ரொட்டிக்கடையை விற்ற பிறகு அவனைக் காலையில் படுக்கையிலிருந்து எழுப்புவது அந்த நாய்தான். இரண்டும் ஊருக்குள் கடல் புகாமல் கட்டிய கடலணை மேட்டில் நடந்துவிட்டு வந்தால்தான் அவனுக்குப் பொழுது விடிந்த மாதிரி. நாய் போனால்? எனக்கு நினைக்கவே பிடிக்கவில்லை.

16 ஜனவரி

தங்கை ஃபெம்மி போன் செய்தாள். பண்ணை வீடு, பெரிய புல்வெளி, நாய் மட்டும் இல்லை. "அக்கா, ட்ரோப்பை நான் வச்சுக்கறேனே. இங்க ஓட எவ்வளவு இடம்!" — ஆள் இன்னும் வீட்டைக் காலி செய்யவில்லை, இவள் அறையை அளக்கிறாள்.

18 ஜனவரி, சனி

சந்தையில் காற்று. கூடாரத்துணி பறக்காமல் பிடிப்பதிலேயே கை ஓய்ந்துவிட்டது. ஆனாலும் திரைச்சீலைத் துணி நன்றாகப் போனது. நேற்று சாயங்காலம் வழக்கம்போல் சுருள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் விரித்து கட்பீஸ் வெட்டிவைத்ததில் பாதி காலி.

யார் பெருக்குவது? ஹார்மென் கூடாது. நான் கடையிலிருந்து வந்து விழுந்தால் எழுவதில்லை. ஆள் வைத்தால் அவளுக்கு முன்னால் நான் ஒருமுறை பெருக்கிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் மானம் போகும். ரோபோ வாங்குவது என்று முடிவு.

ரோபோவில் இரண்டு சாதி. ஒன்று தன் மேடைக்குப் போய், அங்கிருக்கும் பைக்குள் தூசியைத் தானே தள்ளிவிடும். பை நிறைந்தால் புதுப் பை வாங்க வேண்டும். இன்னொன்றில் பையே கிடையாது. வயிற்றில் ஒரு பெட்டி, நாமே கழற்றிக் கொட்ட வேண்டும். பை வைத்தது வேண்டவே வேண்டாம் என்றேன். இயந்திரத்தை ஒருமுறை விற்று, பையை ஆயுள் முழுக்க விற்கிறார்கள். இந்த வித்தையை எனக்கா சொல்லித்தருகிறார்கள்? திரைச்சீலைக் கம்பியை அடக்க விலைக்குக் கொடுத்துவிட்டு, அதில் மட்டுமே மாட்டுகிற வளையங்களை வருடக்கணக்காக விற்றுக்கொண்டிருப்பவள் நான்.

"பெட்டியக் கொட்டும்போது தூசி பறக்குமே, ரென்ஸ்கே?" என்றான் ஹார்மென்.

"நான் கொட்டறேன்."

"நீயா?" சிரிக்க ஆரம்பித்து இருமலில் போய் முடிந்தது. நாய் எழுந்துவந்து அவன் முழங்காலில் மோவாயை வைத்துக்கொண்டது.

21 ஜனவரி

கடையடைத்ததும் ரூலோஃபின் மின்சாதனக் கடைக்குப் போனேன். ஒரு காகிதப் பையில் ட்ரோப்பின் முடி, ரொட்டித் தூள், காலையில் ரொட்டிமேல் தூவிக்கொள்ளும் சாக்லேட் குருணை எல்லாம் கட்டி எடுத்துக்கொண்டு. அவனுடைய பளபள தரையில் கொட்டினேன்.

"ஐயோ, என்ன பண்றீங்க ரென்ஸ்கே!"

"துணி வாங்க வர்றவங்க தொட்டுப் பாக்கறாங்க, இழுத்துப் பாக்கறாங்க, வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்கறாங்க. நான் ஏதாவது சொல்றேனா? உன் மெஷினை ஓட்டிக் காட்டு."

மூன்றை ஓட்டினான். ஒன்று குருணையைச் சுவர்வரைக்கும் சிதறடித்தது. ஒன்று கம்பளத்தின் குஞ்சத்தைத் தின்றுவிட்டு அழுதது. வட்டமாக, வெள்ளையாக இருந்த மூன்றாவது ஒழுங்காகப் பொறுக்கியது. கண்ணாடி மாதிரிப் பெட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிகிறது. என்ன வாங்கினோம் என்று கண்ணுக்குத் தெரிவது எனக்குப் பிடிக்கும்.

ரூலோஃப் பை வைத்ததைத்தான் தள்ளப் பார்த்தான். "கை அழுக்காகாது."

"என் கையப் பத்தி என் புருஷனுக்கே கவலையில்ல."

விலையில் அவன் கொஞ்சம் இறங்கினான், நான் கொஞ்சம் ஏறினேன். கூடுதலாக இரண்டு ஃபில்டர் வாங்காமல் வாசலைத் தாண்டவில்லை.

23 ஜனவரி

ஓடுகிறது! ட்ரோப் முதலில் குரைத்தது, பிறகு பின்னாலேயே நடந்தது, இப்போது வழியில் படுத்துக்கொண்டு நகர மறுக்கிறது. ரோபோ சுற்றிக்கொண்டு போகிறது. இந்த வீட்டில் நாங்கள் எல்லோரும் செய்வதும் அதைத்தான்.

திரைச்சீலை விற்றுப் பிழைக்கிற என் வீட்டிலும் சாயங்காலம் திரையை மூடுவதில்லை. இந்தத் தெருவில் யார் வீட்டிலும் மூடுவதில்லை. ஆசையாக வாங்குவார்கள், ஓரமாக ஒதுக்கிக் கட்டிவிடுவார்கள். மறைக்க என்ன இருக்கிறது என்ற பெருமை. அதனால் போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று ரோபோவைப் பார்க்கிறார்கள். ஒருவர் கண்ணாடியைத் தட்டி, "மூலையில விட்டுட்டுது!" என்று கைகாட்டிவிட்டுப் போனார்.

25 ஜனவரி

மாட்டிக்கொண்டது. உருளைப் பிரஷ் சுற்றவில்லை. நாய் முடியாகத்தான் இருக்கும். அணைத்துப் போட்டதும் மறுபடி ஓடியது.

1 பிப்ரவரி, சனி

ஹார்மெனின் பிறந்தநாள். ஊர் வழக்கப்படி நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, வந்தவர்கள் அவனுக்கு வாழ்த்து, எனக்கு வாழ்த்து, ஃபெம்மிக்கு வாழ்த்து, ஒருவருக்கொருவர் வாழ்த்து. காபி, ஆளுக்கு ஒரு கேக் துண்டு. ரோபோவை நிறுத்திவைக்க மறந்துவிட்டேன். நேரம் வந்ததும் வட்டத்துக்குள் நுழைந்தது. எல்லோரும் கால்களைத் தூக்கிக்கொண்டு காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார்கள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

வட்டத்தின் நடுவில் போய் நின்று, முனகி, அணைந்தது.

"அக்கா, இதுக்கும் மூச்சு வாங்குது போல" என்றாள் ஃபெம்மி.

எல்லோரும் சிரித்தார்கள். ஹார்மென் சிரித்தான், இருமினான், இருமலை நிறுத்த முடியாமல் எழுந்து தோட்டத்துக்குப் போனான். கோட்டு இல்லாமல் குளிரில் நின்றுகொண்டிருந்தான். ஜன்னல் வழியே அவன் முதுகு குலுங்குவதைப் பார்த்தேன்.

ஃபெம்மி போகும்போது மெதுவாகச் சொன்னாள்: "நான் விளையாட்டுக்குக் கேக்கல. ட்ரோப்பை நல்லாப் பாத்துக்குவேன். அத்தானோட மூச்சு முக்கியம் இல்லையா?"

முக்கியம்தான். அது எனக்குத் தெரியாதா?

4 பிப்ரவரி

ரோபோவைத் திருப்பிக் கொடுத்தேன். பயன்படுத்திய பொருளைத் திருப்பித் தருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. இன்று நானே அந்த வரிசையில் நின்றேன். நான் பிரஷைச் சுத்தம்செய்யாமல் கொடுத்தும் ரூலோஃப் வாங்கிக்கொண்டான், நல்லவன். "நான்தான் சொன்னேனே, பை வைச்சதுன்னா—"

"பைக்கும் பிரஷுக்கும் என்ன சம்பந்தம்? வலுவான பிரஷ் உள்ளதைக் காட்டு. பை இல்லாததா."

ரப்பர் உருளை வைத்த கறுப்பு ரோபோவோடு வந்தேன். இதுவும் தோற்றால் நாய் போகும். கடையில் அதைச் சொல்லவில்லை. அவசரக்காரி என்று தெரிந்தால் விலை இறங்காது.

8 பிப்ரவரி

பெட்டியை வெளியே எடுத்துப்போய்க் கொட்டினேன். காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. கடலோர ஊரில் பிறந்து வளர்ந்தவள், காற்றுக்கு எதிரே நின்று தூசி கொட்டினேன்! முகம், தலைமுடி, வாய். ஹார்மென் உள்ளேயிருந்து கைதட்டினான்.

15 பிப்ரவரி, சனி

இதுவும் நின்றுவிட்டது. ரப்பர் உருளையும் சுற்றவில்லை. சந்தையிலிருந்து வந்தவள், கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தேன். என்னதான் செய்வது? ட்ரோப்பைத் தினமும் வாரிவிடுகிறேன். படுக்கையறைக்குள் விடுவதில்லை. இன்னும் என்ன?

16 பிப்ரவரி, ஞாயிறு

மழை. கொட்டகைக்குள் செய்தித்தாளை விரித்து ரோபோவைக் கவிழ்த்தேன். கடைக் கத்தரியால் உருளையில் சுற்றியிருந்ததை வெட்டி எடுத்தேன்.

நாய் முடி இல்லை. நூல்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கடுகு மஞ்சள் வெல்வெட். ஸ்வீடனிலிருந்து வந்த நீல லினன், ஓரம் பிரிகிறது என்று நான் சண்டைபோட்ட அதே சரக்கு. குழந்தைகள் அறைக்கான சிவப்பு ஃபிளானல். ஒவ்வொன்றையும் யாருக்கு விற்றேன் என்றுகூடச் சொல்லுவேன். பெட்டியைத் திறந்தேன். சாம்பல் நிறப் பஞ்சு, கெட்டியாக, அழுத்திவைத்த தலையணை மாதிரி. நடுவே எங்கோ நாலு கறுப்பு முடி.

பையாக இருந்தால் முடிச்சுப் போட்டுக் குப்பையில் வீசியிருப்பேன். பார்த்திருக்கவே மாட்டேன்.

ஆனாலும் நான் வியாபாரி, ஒரு மாதிரியைப் பார்த்து முழுச் சரக்கை நம்புவதில்லை. இந்த வாரம் வியாழன் ரோபோ ஓடி அள்ளியதைத் தனியாக ஒரு ஜாடியில் போடுகிறேன். சனிக்கிழமை அள்ளியதை இன்னொன்றில்.

22 பிப்ரவரி, சனி

வியாழன் ஜாடி: அடியில் ஒரு பிடி. நாய், ரொட்டித் தூள், மணல்.

சனி ஜாடி: மூடி மூடவில்லை.

நான் வெள்ளிக்கிழமை மேசையில் வெட்டியது முழுக்க அதற்குள் இருக்கிறது. இத்தனை நாளாக என் புருஷனின் நெஞ்சுக்குள் போனதும் அதுதானே. பாவம், வாயில்லாத நாய்மேல் பழியைப் போட்டுவிட்டு —

இரண்டு ஜாடியையும் ஹார்மென் முன்னால் வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தான்.

"வெள்ளிக்கிழமை ராத்திரிதான் எப்பவும் அதிகமா இருமுவேன்" என்றான்.

"தெரிஞ்சு வச்சுக்கிட்டா சும்மா இருந்தே?"

"தெரியும்னு இல்ல. ஒரு சந்தேகம்."

"ஏன்யா வாயத் தொறந்து சொல்லல? நாயைக் குடுக்கத் துணிஞ்சியே, இதச் சொல்லத் துணியலையா?"

"அந்த மேசைமேல நீ வெட்டின துணிதான் என் அடுப்பு நின்ன பிறகு இந்த வீட்டை ஓட்டுது. அத எடுன்னு நான் எப்படிச் சொல்றது?"

எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் அது கோபம் இல்லை என்று தெரிந்தது. அடுக்களைக்குப் போய்ப் பாத்திரத்தைக் கழுவினேன். ஏற்கெனவே கழுவின பாத்திரம்.

25 பிப்ரவரி

ரூலோஃபின் கடைக்குப் பின்னால் ஒரு காலி அறை உண்டு, பழைய அட்டைப்பெட்டிகள் வைத்திருக்கிறான். என் கடையில் வெட்டு மேசை போட இடமில்லை என்று அதைக் கேட்டேன், வாடகை கேட்டான். "பணம் எதுக்கு? உன் முகப்பு ஜன்னல் மொட்டையா நிக்குது. நல்ல லினன்ல திரை தைச்சுத் தர்றேன், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தியும் தர்றேன். அந்த ரூம் எனக்கு."

"ஓரம் பிரியுற நீல லினன் இல்லையே?"

ஊரெல்லாம் தெரிந்திருக்கிறது! வேறு லினன் என்று கைகொடுத்தேன்.

1 மார்ச்

சுருள், கத்தரி, அளவுகோல், புதிதாக ஒரு வெட்டு மேசை எல்லாம் அந்த அறைக்குப் போயாயிற்று. நேற்று அங்கேயேதான் வெட்டினேன். கோட்டையும் அங்கேயே மாட்டிவிட்டு வேறொன்று போட்டுக்கொண்டு வருகிறேன். ரூலோஃப் கேட்கிறான், வீட்டில் வேறு புருஷன் இருக்கிறானா என்று.

14 மார்ச், வெள்ளி

சாப்பாட்டு மேசையில் சாப்பிட்டோம். பட்டாணி சூப். அந்த மேசையின் மரம் இவ்வளவு வெளிர் நிறம் என்று எனக்கு நினைவில்லை. எதிரெதிரே உட்கார்ந்து என்ன பேசுவது என்று முதலில் தெரியவில்லை. பிறகு ரூலோஃபைக் கேலிசெய்ய ஆரம்பித்தோம், நேரம் போனதே தெரியவில்லை. ஹார்மென் இருமவில்லை என்பதை அவன் தூங்கப் போன பிறகுதான் கவனித்தேன்.

30 மார்ச்

ரோபோ ஒருமுறைகூட நிற்கவில்லை. பெட்டியில் இப்போது நிஜமாகவே நாய் முடி. கொட்டும்போது காற்றைப் பார்த்துக்கொள்கிறேன்.

24 ஏப்ரல், வியாழன்

பரிசோதனை நாள். ட்ரோப்பையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஹார்மென் பிடிவாதம் பிடித்தான். "முடிவு அதுக்கும்தானே." நாய்க்கும் ரயில் சீட்டு வாங்கினேன்.

ஊதினான். இன்னொரு தடவை. செவிலியர் திரையைப் பார்த்தாள், பழைய காகிதத்தைப் பார்த்தாள், மறுபடி திரையை. நான் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"நல்ல முன்னேற்றம். பாத்தீங்களா? நாயை அனுப்பினதும் எவ்வளவு வித்தியாசம்!"

"வெளிய மிதிவண்டி நிறுத்தத்துல கட்டிப்போட்டிருக்கேன்" என்றான் ஹார்மென். "கூட்டிட்டு வரட்டுமா?"

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "அப்போ வீட்ட விட்டு எதைத்தான் அனுப்புனீங்க?"

என் பக்கம் கையைக் காட்டினான். "இவ கடையை."

அவள் முதல்முறையாகச் சிரித்தாள். எதுவாக இருந்தாலும் அப்படியே தொடருங்கள் என்றாள். மறுபடி அடுத்த வருடம் வந்தால் போதுமாம்.

ஃபெம்மிக்கு ரயிலிலிருந்தே போன் செய்தேன். "சந்தோஷம் அக்கா" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. நல்ல குட்டியாக ஒன்று பார்த்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஊர் வந்ததும் ஹார்மென் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. நாயோடு கடலணைப் படிகளில் ஏறினான், நிற்காமல், மேலே வரைக்கும். நான் நல்ல செருப்பில் பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கினேன்.

"ஏய், மெதுவாப் போய்யா!" என்று கத்தினேன்.

காற்றில் கேட்கவில்லை போல. இரண்டும் போய்க்கொண்டே இருந்தன.