முன்கையில் ஒரு சதுரம்

புதுச்சேரி, 20 ஜனவரி 1934

அன்புள்ள தம்பி தனிஸ்லாசுக்கு,

நான் நலம். உன் கையெழுத்துத்தான் நலமில்லை. மர்சேய் மருந்துக்கடையில் சீட்டு எழுதி எழுதிக் கோணிவிட்டது.

என் மகள் அகஸ்டினாவுக்கு இருபத்துநான்கு முடிந்தது. பாலைப்போல் வெளுத்துப் பிறந்தவளைப் பகலில் வாசல் தாண்ட விடாமல் வளர்த்தேன். மீன்காரி ரஞ்சிதம் வந்து கெடுத்துவிட்டாள். "உச்சி வெயில்ல கட்டுமரம் கரையேறச்சொல்ல வந்து பாரும்மா, வலையெல்லாம் வெள்ளி கொட்னாப்ல இருக்கும்" என்றாளாம்.

"கடல் நாலு தெரு தள்ளித்தாம்மா இருக்கு. ராத்திரியில போனா வெறும் சத்தந்தான். பகல்ல ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன்" என்கிறாள் அகஸ்டினா.

வெயிலைத் தடுக்கும் களிம்பு பற்றி எழுதியிருந்தாயே. அனுப்பு.

மாதாவின் காவலில் உன்னை விட்டு,
ஆனந்தமேரி

மர்சேய், 18 பெப்ரவரி 1934

அன்புள்ள அக்காவுக்கு,

களிம்பு அனுப்பியிருக்கிறேன். மரோன் என்னும் மரத்தின் பட்டையிலிருந்து எடுத்த சத்து. வெயிலில் கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒன்று உண்டு. தோலைச் சுடுவது அதுதான். அதை இந்தச் சத்து குடித்துவிடும். எவ்வளவு குடிக்கும் என்பது எனக்கே சரியாகத் தெரியாது. இங்குள்ள வெயில் நம் ஊர் வெயிலுக்கு உறைபோடக் காணாது. ஆகவே முதலில் அகஸ்டினாவின் கையில் விரலகலம் பூசி, வெயிலில் கால் மணி நேரம் வைத்துப் பாருங்கள். சிவந்தால் எறிந்துவிடுங்கள்.

உங்கள் தம்பி,
தனிஸ்லாஸ்

புதுச்சேரி, 14 ஏப்ரல் 1934

அன்புள்ள தம்பிக்கு,

டப்பா நசுங்கி வந்தது. மர்சேயில் ஒரு பொட்டலம் கட்டத் தெரிந்தவர் இல்லையா?

பெண்ணை வைத்துப் பரீட்சை பார்க்க எனக்கு மனம் வரவில்லை. என் முன்கையில் மையால் சதுரம் வரைந்து, அதற்குள் பூசி, நண்பகலில் மாடியில் உட்கார்ந்தேன். கால் மணி அல்ல, முழுதாக ஒரு மணி. ஏழு நாள், கடிகாரம் பார்த்து. துளிச் சிவப்பு இல்லை. கன்னியர் மடத்துப் பள்ளியில் ஒழுங்குக்கு முதல் பரிசு வாங்கியவள் நான்.

இருபத்திரண்டாம் தேதி, ஞாயிறு பூசை முடிந்ததும் ரஞ்சிதத்தோடு போகிறாள்.

ஆனந்தமேரி

மர்சேய், 7 மே 1934

அக்கா,

அவளை அனுப்பாதீர்கள். உங்கள் கை நம் அப்பாவின் கறுத்த கை. களிம்பு இல்லாமலே அது சிவக்காது. சதுரத்துக்கு வெளியே பார்த்தீர்களா? அங்கேயும் சிவந்திருக்காது.

அந்த ஞாயிறு போய்விட்டது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். உடனே தந்தி கொடுங்கள்.

தனிஸ்லாஸ்

புதுச்சேரி, 4 ஜூன் 1934

அன்புள்ள தம்பிக்கு,

தந்தி கொடுக்கவில்லை. என்னவென்று கொடுப்பது?

கரையில் இரண்டு மணி நேரம் நின்றாளாம். "தொர வூட்டுப் பொண்ணு மீன் வாங்க வந்துட்டாங்கடி" என்று பெண்கள் சிரிக்க, இவளும் சிரித்தாளாம். மறுநாள் முகமும் கழுத்தும் கொப்புளம். மற்றவை காய்ந்தன. கீழுதட்டுப் புண் மட்டும் நாற்பது நாளாகக் காயவில்லை. டாக்டர் வருகிறார், பார்க்கிறார், தொப்பியை எடுத்துக்கொண்டு போகிறார்.

உன் கடிதம் வந்ததும் மாடிக்குப் போய் என் கையைப் பார்த்தேன். மை அழிந்திருந்தது. எது உள்ளே, எது வெளியே என்று சொல்ல முடியவில்லை.

களிம்பு தீர்ந்தது. இனி அனுப்பாதே.

அகஸ்டினா என் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறாள். "இன்னொரு டப்பா அனுப்பச் சொல்லி எழுதும்மா, இந்தத் தடவ சீக்கிரமா வந்துடுவேன்" என்கிறாள்.

அதையும் எழுதிவிட்டேன்.

ஆனந்தமேரி