ஒன்பது பேர் காலில் விழுந்த விஜி

அல்சூர், பெங்களூர்
10.9.2003

அன்பு மகன் உமேஷுக்கு அப்பா எழுதுவது. எல்லோரும் நலம் என்றுதான் கை தொடங்கப் பார்க்கிறது, ஆனால் அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. எனக்கு ஒன்றுமில்லை, உன் அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது, உன் தங்கை விஜி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. மஸ்கட்டில் நீயும் சுனிதாவும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ போனில் கேட்டபோது வெறும் வயிற்றுக் கோளாறு என்று அம்மா சொல்லிவிட்டாள், தூர தேசத்தில் இருக்கிற பிள்ளைக்கு மனக்கஷ்டம் வேண்டாமாம். எனக்கு அந்த எண்ணம் இல்லை.

நிச்சயதார்த்தத்துக்கு நான்கு நாள் முன்பு நீ போனில் விஜியிடம் என்ன சொன்னாய் என்று நினைத்துப் பார். அவளுக்கு முதுகெலும்பு மூட்டுகளில் வாதம், காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் பலகை மாதிரி விறைத்து நிற்கிறாள், குனிய வராது, இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்தும், மாப்பிள்ளை வீட்டு அத்திபெலேக்காரர்கள் காதில் விழுந்தால் கல்யாணம் நின்றுவிடும், அதுவரைக்கும் வலி மாத்திரையை இரண்டு மடங்காகப் போட்டுக்கொள், பெரியவர்கள் காலில் விழுந்து எழுந்துவிட்டால் தீர்ந்தது என்றாய். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிற காகிதத்தை நான் அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் படித்தவன், வயிற்றில் புண் வரும், ரத்தம் போகும் என்று அதில் இருக்கிறதடா என்று சொன்னேன். மில்லில் தறி ஓட்டினவர் டாக்டர் வேலை பார்க்க வேண்டாம் என்று நீ சொன்னாய். எனக்கு ரோஷம் வந்தது, அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன், வேறு எதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நல்ல காரியம் என்று உன் அம்மா அன்றைக்கு அவளை விரதம் இருக்கச் சொன்னாள், வெறும் வயிற்றில் காபியும் நீ சொன்ன இரண்டு மடங்கு மாத்திரையும்தான். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் ஒன்பது பேர் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் காலிலும் விழுந்தாள், எழுந்தாள், ஆறாவது தடவை எழும்போது உதட்டைக் கடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். மாப்பிள்ளையின் சித்தப்பா, இந்தக் காலத்தில் இப்படி ஒரு பணிவான பெண்ணா என்று மெச்சினார். மூன்றாம் நாள் கார்மெண்ட்ஸில் வேலையில் நிற்கும்போதே மயங்கி விழுந்தாள். வெளிக்குத் தார் மாதிரி கறுப்பாகப் போவதை இரண்டு நாளாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள், இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், உன் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

விவேக் நகரில் மாதா மாதம் இரண்டாவது ஞாயிறு இதே வியாதிக்காரர்கள் கூடுகிறார்களே, யாராவது பார்த்துவிடுவார்கள், விஜி அங்கே போகக் கூடாது என்றாயே, ஆஸ்பத்திரிக்கு முறை வைத்து வந்து உட்கார்ந்தவர்கள் அவர்கள்தான். அதை நடத்துகிற ரெமிஜியஸுக்குக் கழுத்து திரும்பாது, பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க ஆளே திரும்ப வேண்டும். அவருக்கு என்ன வியாதி என்று கண்டுபிடிக்கவே பதினோரு வருஷம் ஆயிற்றாம், அதுவரை ஓய்வு எடு, படு என்று சொல்லிச் சொல்லியே வளைந்துவிட்டாராம். அவர் விஜியிடம், ஏம்மா, எனக்குக் குனிய வராது சாமி, நின்றபடியே கும்பிட்டுக்கிறேன் என்றால் அந்த ஒன்பது பேரும் எழுந்து வந்து அடித்திருப்பார்களா என்று கேட்டார். அவள் சிரித்துவிட்டாள். நாங்கள் யாரும் அவளைச் சிரிக்க வைத்து ரொம்ப நாளாகிறது. டாக்டர் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டார், முதலில் புண் ஆற வேண்டும், தினமும் உடற்பயிற்சி, முடிந்தால் நீச்சல், மருந்து எது என்பது அப்புறம் என்கிறார். நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிற புது ஊசி ஒன்று வந்திருக்கிறது, அதற்கு முன்னால் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம், விலை நம் கைக்கு எட்டாது. அந்தக் கூட்டத்தில் நோயல் என்பவர் போட்டுக்கொள்கிறார், ஞாயிற்றுக்கிழமை விஜி அவரிடம் விவரம் கேட்கப் போகிறாள், நான் கூட்டிக்கொண்டு போவேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நானே அத்திபெலே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று சட்டையை மாட்டினேன். விஜி விடவில்லை. நீங்கள் போனால் சண்டை போட்டுவிட்டு வருவீர்கள் அப்பா, முதுகு என்னுடையது, நானே சொல்கிறேன் என்றாள். மாப்பிள்ளை தினேஷும் அவர் அம்மாவும் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வார்டுக்கு வந்தபோது ஒன்று விடாமல் சொன்னாள். பிள்ளைகளுக்கும் வருமா என்று அந்த அம்மா கேட்டார். வரலாம், வராமலும் போகலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றாள். தினேஷ் ஒன்றுதான் கேட்டார், அன்றைக்கு ரொம்ப வலித்ததா என்று. ஆமாம் என்றாள். வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று போனவர்கள்தான், பத்து நாளாக ஒரு தகவலும் இல்லை. போன் மணி அடித்தால் உன் அம்மா அடுப்பை விட்டு ஓடுகிறாள்.

நீ அவர்களுக்குப் போன் போட்டு, சாதாரண முதுகுவலிதான், சரியாகிவிட்டது என்று ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் நான் நேரில் போய் அது பொய் என்று சொல்வேன், செய்கிறவன் என்று உனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொன்னால் சொல்லட்டும், அவள் அழுவாள், நாங்கள் பக்கத்தில் இருப்போம். கல்யாணத்தில் ஒன்பது பேர் இல்லை, தொண்ணூறு பேர் வருவார்கள். என் பெண் ஒருவர் காலிலும் விழ மாட்டாள், நின்று கைகூப்புவாள். அதற்குச் சம்மதிக்கிற வீட்டுக்குத்தான் அவளை அனுப்புவேன்.

கூடப்பிறந்தவர்களுக்கும் இது இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார், காலையில் முதுகு விறைத்தால் ஏசியின் மேல் பழி போட்டுவிட்டுப் படுத்துக்கிடக்காமல் போய்க் காட்டு. உனக்கும் சுனிதாவுக்கும் பேரனுக்கும் எங்கள் இருவர் ஆசீர்வாதம், ஒரு குறையும் இல்லாமல் இருங்கள். விஜி உன்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அண்ணன் நல்லதுக்குத்தான் சொன்னான் என்கிறாள், அதைக் கேட்டால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. வெள்ளிக்கிழமை உனக்கு லீவு, நம் நேரம் பத்து மணிக்கு மேல் போன் செய், அதற்கு முன்னால் அவளால் எழுந்து வர முடியாது. என்னையோ அம்மாவையோ கேட்காதே, அவளைக் கூப்பிட்டுப் பேசு.

இப்படிக்கு,
உன் அப்பா
மு. அய்யாவு