மீன்வலை போர்த்திய கூரை

அக்கா,

இன்று காலை மீன்காரம்மாவின் காலிக் கூடை நம் வாசலைத் தாண்டிப் போனது. அதன்மேல் ஈர வலைத்துண்டு ஒன்றைச் சுருட்டிப் போட்டிருந்தாள். கடல் உப்பும் பாசியும் பழைய நூலும் கலந்த அந்த வாசனை வந்ததும், கையில் கோலமாவுக் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். "இன்னாம்மா, மீனே துண்ண மாட்டேன்னுட்டு இப்டி மோந்து பாத்துக்கினு நிக்கிற?" என்று சிரித்துவிட்டுப் போனாள். கூடை தெருமுனை திரும்பிய பிறகும் வாசனை என்னை விடவில்லை. அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

யுத்த காலம் அது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மயிலாப்பூரில் பாதிப் பேர் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போனார்கள். நாம் வாடகைக்குக் குடியிருந்த ஸ்டோரின் சொந்தக்காரரும் போனார். மற்றவர்கள் திரும்பி வந்த பிறகும் அவர் வரவில்லை. அவருடைய குமாஸ்தா மட்டும் மாதம் ஒரு முறை தலை காட்டுவார். ஒரே முற்றம், ஒரே கிணறு, வரிசையாக ஆறு குடித்தனம், ஆறுக்கும் சேர்த்து ஒரே நாட்டு ஓட்டுக் கூரை. இரண்டு வருஷமாக யாரும் ஓடு மாற்றவில்லை. ஒரு கோடியில் நாலு ஓடு கிளம்பினால் மிச்சமெல்லாம் பின்னாலேயே கிளம்பிவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. குமாஸ்தாவிடம் சொன்னால், "ஆள் எங்கேம்மா கிடைக்கிறான்? எல்லாரும் மிலிடரி ஷெட்டு போடப் போயிட்டான். அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பார். "நீங்களா கூரையில கை வெச்சீங்கன்னா காலி பண்ண வேண்டியிருக்கும்" என்று மிரட்டியும் வைத்திருந்தார்.

கடல் பக்கமாக, கிழக்குக் கோடியில் மாமி வீடு. மேற்குக் கோடியில் நீ. நடுவில், மூன்றாவதாக நாங்கள். என் வீட்டுக்காரர் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். உன் வீட்டுக்காரர் ரங்கூனில் ஜவுளிக் கடையில் இருந்தார். ஜப்பான்காரன் அங்கே நுழைந்ததும் கடிதம் நின்றுவிட்டது. சிப்பாய்ச் சட்டைகளுக்குக் காஜா எடுத்துக் கொடுத்து நீ காலம் தள்ளினாய். அப்போதெல்லாம் உன்னை 'நீங்க' என்றுதான் அழைப்பேன். 'நீ' வந்தது புயலன்றுதான்.

உனக்கு மீன் கொண்டுவரும் ஊரூர் குப்பத்து அம்மாதான் அந்த யோசனையைச் சொன்னாள். "எங்க குப்பத்துல கூரை மேல பழைய வலைய விரிச்சி நாலு பக்கமும் கல்லு கட்டி வுடுவோம். காத்து உள்ள பூந்து பூந்து போவும், கூரை அப்டியே கீதும்" என்றாள். அவள் கூடையைத் தூக்குவதற்குள் நீ கேட்டுவிட்டாய்: "உங்கிட்ட பழைய வலை கீதா?"

அவள் மகளுக்கு இரண்டு ரவிக்கை தைத்துக் கொடுப்பதாகப் பேச்சு. மறுநாளே நாம் இருவரும் அடையாறு பாலம் தாண்டி நடந்தோம். திரும்பும்போது, வலையைப் பார்த்த ரிக்‌ஷாக்காரன் ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டான். நீ உன் வெள்ளைத் துப்பட்டிக்கு மேல் சும்மாடு வைத்து ஒரு முனையைத் தூக்கினாய், நான் மறு முனையை. வழி முழுக்க எனக்குக் குமட்டியது. "மூக்கால மூச்சு வுடாதே, வாயால வுடு" என்றாய். மயிலாப்பூர் குளத்தோரம் தெரிந்தவர்கள் எதிரே வந்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீ நின்று நலம் விசாரித்தாய்.

கிணற்றடியில் வலையைப் போட்டதும் மாமி வெளியே வந்தார். "என்ன இது? ஆத்து மேல மீன் வலையா?"

"மூணு தண்ணி அலசி, மஞ்சத் தண்ணி தெளிச்சிப் போட்டுடறேன் மாமி" என்றாய்.

"நீ பன்னீரே தெளி. எங்காத்து ஓட்டு மேல அது படப்படாது. சொல்லிட்டேன்."

நீ வாதாடவில்லை. மாமி வீட்டை விட்டுவிட்டு, இரண்டாவது குடித்தனத்திலிருந்து உன் வீடு வரை விரித்தோம். ஓட்டின் மேல் நீ தவழ்ந்து போனதும், அடியில் ஓட்டைத் தாங்கும் கைமரம் ஓடும் இடத்தில் மட்டும் முழங்காலை ஊன்றியதும் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நான் ஏணியில் நின்று கயிற்றை நீட்டினேன். அந்த நேரம் பார்த்துக் குமாஸ்தா வந்து சேர்ந்தார்.

"யாரைக் கேட்டு ஏறினே? இறங்கு கீழே!"

"ஆள் கெடைக்கலன்னியே, இதோ கெடைச்சிட்டாங்க" என்றாய் மேலிருந்து. "எறங்கறேன், நீ ஏறு. கயிறு இங்கதான் கீது."

அவர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். நான் பயந்துதான் போனேன். காலி செய்யச் சொன்னால் எங்கே போவது என்று என் வீட்டுக்காரரும் கேட்டார். உனக்கு மட்டும் போக இடம் இருந்ததா என்ன? அதை அன்று நான் யோசிக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள், துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருப்பதாக அச்சகத்திலிருந்து செய்தி வந்தது. மறுநாள் விடியும்போதே காற்று சீறிக்கொண்டிருந்தது. மாமியின் மருமகளுக்குப் பிரசவமாகிப் பத்து நாள்கூட ஆகவில்லை. முற்றத்தில் மாமி வந்து நின்றார். இடுப்பில் அம்மிக் குழவி. பின்னால் அவர் பிள்ளை அம்மியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு நின்றான்.

"கட்டறதுக்குக் கல்லு வேணுமோன்னோ? இதை வெச்சுக்கோ. எங்காத்து மேலயும் அந்த வலையைப் போட்டுடு."

வலை ஐந்து வீட்டுக்குத்தான் போதும். மாமி வீட்டுக்கு இழுத்தால் உன் வீடு வெறுமனே நிற்கும். நான் உன் கையைப் பிடித்தேன். "இழுக்காதீங்க. முன்னாடியே கேட்டோமில்ல" என்று காதில் சொன்னேன்.

"காத்து மொதல்ல கெழக்காலதான் மோதும். அங்க பச்சப்புள்ள கீது. கயித்த அவுரு" என்றாய்.

அவிழ்த்தோம். மாமி வீட்டு ஓரத்தில் அம்மியும் குழவியும் வலையின் நுனியில் தொங்கின. உன் தையல் மிஷினை என் வீட்டுக்குள் இழுத்துப் போட்டு முடிப்பதற்குள் மழை சுவர் போல வந்து நின்றது. அன்று பகல் முழுக்கக் கூரை முனகியது. மாமி வீட்டு ஓரம் எழும்பும், வலை அதைக் கீழே இழுக்கும், மறுபடி எழும்பும். ஓடு உராயும் சத்தத்தை நாம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

மத்தியானத்துக்கு மேல் சட்டென்று ஓய்ந்தது. வெயில்கூட எட்டிப் பார்த்தது. எல்லோரும் முற்றத்துக்கு வந்து சிரித்தார்கள். மாமி காப்பி போடுகிறேன் என்றார். நீ மட்டும் தென்னை மட்டைகளையே பார்த்தாய்.

"மீன்காரம்மா சொல்லிச்சே, நடுவுல ஓஞ்ச மாதிரி இருக்கும், நம்பாதேன்னு. திரும்பி மேக்காலேர்ந்து அடிக்கும்."

மேற்குக் கோடியில் உன் வீடு. அதன் ஓடுகள் பறந்தால் காற்று அந்த வாய் வழியாக உள்ளே புகுந்து வலையோடு சேர்த்து எல்லாவற்றையும் தூக்கிவிடும். வலையை இழுத்துப் பார்த்தோம். நனைந்து இரும்பாகக் கனத்தது, அசையவில்லை. நீ தெருவுக்கு ஓடினாய். குண்டு விழுந்தால் காப்பாற்ற என்று அடுக்கி வைத்திருந்த மணல் மூட்டைகள் தெருமுனையில் இருந்தன. அங்கே காவல் நின்ற ஆள், "ஏய், அது சர்க்கார் மூட்டை!" என்று கத்தினான்.

"ஜப்பான்காரன் இன்னிக்கி வரல நைனா, காத்துதான் வருது. ஒரு கை புடி" என்றாய். அவனும் பிடித்தான். அதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம்.

என் வீட்டுக்காரரும் மாமியின் பிள்ளையும் காவல்காரனும் தூக்கிவர, நான் ஏணியில் நின்று மேலே தள்ள, ஐந்தாவது வீடும் உன் வீடும் சேரும் இடத்தில் நீ மூட்டைகளை வரிசையாக அடுக்கினாய். "உங்க வீட்டு ஓரத்துல வைங்க, அக்கா!" என்று கத்தினேன். "என் வூட்டுக்கு வெச்சா பத்தாது. இங்க வெச்சா இதோட நிக்கும்" என்றாய். கடைசி மூட்டையை வைக்கும்போதே காற்று திரும்பிவிட்டது. நீ ஓட்டோடு ஓடாகப் படுத்துவிட்டாய். நான் உன் கணுக்காலைப் பிடித்து, "அக்கா, நீ வா! விட்டுட்டு வா நீ!" என்று இழுத்தேன். உடைந்த ஓடு உன் முழங்கையைக் கிழித்திருந்தது.

என் வீட்டு வாசலில் நின்று உன் கூரை போவதைப் பார்த்தோம். ஓடுகள் வரிசையாக எழுந்து பறந்தன. உள்ளே உன் மண்சுவர் சரிந்தது. நான் அழுதேன்.

"போவட்டும். மூட்டை நிக்குதா பாரு."

நின்றது. ஐந்து வீடு அப்படியே நின்றது.

விடிந்ததும் உன் தகரப் பெட்டியைச் சேற்றிலிருந்து எடுத்தோம். ரங்கூன் கடிதங்களில் மை கரைந்து வெறும் நீலமாகியிருந்தது. நீ அவற்றைக் கொடியில் உலர்த்தி, ஒரு எழுத்தும் இல்லாத அந்தக் காகிதங்களை மடிப்பு மாறாமல் மடித்து வைத்தாய். நீ அழுது நான் பார்த்தது அன்று ஒரு முறைதான்.

குமாஸ்தா வந்து, கூரையில் ஏறி மிதித்ததால்தான் ஓடு போயிற்று, நீ உடனே காலி செய்ய வேண்டும் என்றார். நீ பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் மாமி குறுக்கே வந்து நின்றார். "இவ ஏறலேன்னா உம்ம முதலாளிக்கு இங்கே வீடே இல்லே ஓய். இவ போனா ஆறு குடித்தனமும் போறோம். வெறும் சுவரை யாருக்கு விடுவீர்? போய் ஓடு கொண்டு வாரும்." அதுவரை கிடைக்காத ஓடும் கிடைக்காத ஆளும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தன. அந்த ஒரு வாரமும் நீ மாமி வீட்டுக் கூடத்தில்தான் படுத்திருந்தாய்.

யுத்தம் முடிந்து உன் வீட்டுக்காரர், நம் பாய், ரங்கூனிலிருந்து எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார். நீங்கள் சிந்தாதிரிப்பேட்டையில் தையல் கடை வைத்துக் குடிபோனீர்கள். போன ஆடியில் உன்னைப் பார்க்க வந்தபோது காய்ச்சலில் படுத்திருந்தாய். தலைக்கு மேலே தளத்தில் ஈரத் திட்டு ஒன்று இருந்தது. "அந்த மூலைய மழைக்கு முன்னாடி பாக்கணும்" என்றாய். ஆவணியில் நீ போய்விட்டாய்.

நாற்பதாம் நாள் உனக்காக ஓதிய பாத்தியாவுக்கு வந்தேன். திட்டு அப்படியே இருந்தது. பாய் நாற்காலியை விட்டு எழவில்லை. "யாருக்கும்மா இனி?" என்றார். கொத்தனார் தீபாவளிக்குப் பிறகு வருவதாகச் சொன்னாராம். மறுநாள் நான் சுண்ணாம்பும் மணலும் கடுக்காய்த் தண்ணீரும் எடுத்துக்கொண்டு அந்த மாடியில் ஏறினேன். விரிசலைச் சுரண்டிவிட்டு, கலவையை அடைத்துத் தட்டினேன். வெயில் உச்சிக்கு வந்தபோது படியில் காலடிச் சத்தம் கேட்டது. பாய் ஒரு குடம் தண்ணீரோடு நின்றார். "நீ தட்டு, நான் தெளிக்கிறேன்" என்றார். சாயங்காலம் வரை நான் தட்டினேன், அவர் தெளித்தார்.

முந்தாநாள் மழை கொட்டியது. எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நனைந்துகொண்டே பஸ் ஏறிச் சிந்தாதிரிப்பேட்டைக்குப் போனேன். பாய் உன் கட்டிலை நகர்த்திவிட்டு, அந்த மூலையின் அடியில் அண்ணாந்து நின்றிருந்தார். நானும் பக்கத்தில் போய் நின்றேன். மழை விடும்வரை இருவரும் அங்கேயே நின்றோம்.

ஒரு சொட்டு விழவில்லை, அக்கா.