சீட்டுக்கட்டு இங்கிலீஷ்

ஸ்கெலட்டன், கே.ஜி.எஃப்.
ஞாயிறு, ஆராதனை முடிந்து

மஸ்கட்டில் இருக்கும் என் அன்பான கணவர் சைலஸுக்கு, கர்த்தருடைய கிருபையால் சுகமாயிருக்கும் ரெபேக்கா எழுதுவது. உங்கள் முதுகுவலி தேவலையா?

போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் இங்கிலீஷ் என்று நான் வாயைத் திறந்தாலே லைனை வெட்டிவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வெட்ட முடியாது. லீவு முடிந்து அங்கே திரும்பும் உங்கள் ரூம் மேக்ஸ்வெல் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் படித்து முடிக்கும்வரை பக்கத்தைவிட்டு எழுந்திருக்கக் கூடாது என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

நம் மகள் நிக்கோல் நன்றாகப் படிக்கிறாள். தண்ணீருக்கு இன்னும் லாரிதான். மழையில் ஒழுகிய கூரை ஷீட்டை ஆள் வைத்து மாற்றிவிட்டேன்.

சூப்பர்வைசர் இன்டர்வியூவுக்குப் போகாதே என்றீர்கள். போனேன். "பெருக்கற வேலைக்கு இன்னாத்துக்கு இங்கிலீஷ்? இந்த வயசுல யாரை மயக்கப் போற?" என்று கேட்டீர்களே, அதையும் மறக்கவில்லை. நான் பெருக்கும் பெங்களூர் ஆபீஸில் காலை மீட்டிங்கில் நாலு வாக்கியம் இங்கிலீஷில் சொன்னால் சூப்பர்வைசர், சொல்லாவிட்டால் துடைப்பம். எனக்குத் துடைப்பம் போதும் போதும் என்றாகிவிட்டது.

எப்படிப் படித்தேன் என்று கேளுங்கள். காலை ரயிலில் ஆண்கள் மடியில் துண்டை விரித்து ரம்மி ஆடுவது உங்களுக்குத் தெரியாததா? நீங்களும் ஆடியவர்தானே. நானும், பங்காருபேட்டையில் ஏறும் மமதாவும் அதேபோல் துண்டை விரித்தோம். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு இங்கிலீஷ் வார்த்தை எழுதி, கலைத்துப் போட்டு, கைக்கு வந்ததை வாக்கியமாக இறக்க வேண்டும். நம் தமிழிலும் அவளுடைய கன்னடத்திலும் செய்கிற வேலையைச் சொல்லும் வார்த்தை கடைசியில் வரும். இங்கிலீஷில் அது ஆளைச் சொல்லும் வார்த்தையை ஒட்டியே உட்கார வேண்டும். கை கேட்டால்தானே! ரம்மி கோஷ்டியிலிருந்து தசரதன் அண்ணன், "இன்னாம்மா, உங்க கட்டுல ஜோக்கர் யாரு?" என்றார். "எங்க கட்டுல இல்லண்ணா, உங்க பக்கம்தான் குந்தினு கீறாரு" என்றேன். பெட்டியே சிரித்தது.

இன்டர்வியூவில் ஒருவர், வேலைக்கு ஆள் வராவிட்டால் என்ன செய்வாய் என்று இங்கிலீஷில் கேட்டார். எனக்கு எல்லாம் மறந்துபோனது. அப்போது என் கை தானாக மேஜைமேல் சீட்டு இறக்க ஆரம்பித்தது. கையில் சீட்டே இல்லை! 'ஐ' என்று ஒன்று வைத்தேன். பக்கத்தில் 'கால்', கூப்பிடுகிற 'கால்'. அதன் பக்கத்தில் 'அனதர் கேர்ள்'. கை வைக்க வைக்க வாய் சொன்னது. கையால் என்ன செய்கிறாய் என்று அவர் கேட்டார். ரயிலில் ஆடும் சீட்டு என்றேன். வாய்விட்டுச் சிரித்தார். போன முறை ஊருக்கு வந்தபோது ஐடா அண்ணி முன்னால் என் இங்கிலீஷைக் கேட்டு நீங்கள் சிரித்தீர்களே, அதே சிரிப்பு. அன்றைக்கு நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். இந்த முறை கையை எடுக்கவில்லை. அடுத்த கேள்வியைக் கேளுங்கள் சார் என்று சொல்லி, அதற்கும் சீட்டு இறக்கினேன்.

வேலை கிடைத்துவிட்டது. ஒன்றாம் தேதி சேருகிறேன்.

சேர்ந்தால் ஊருக்கே வரமாட்டேன் என்று மிரட்டினீர்கள். இப்போது நான் சொல்வதற்கு மேக்ஸ்வெல் அண்ணனைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஃபோர்மேன் எல்லார் முன்னாலும் கத்தும்போது நீங்கள் தலை குனிந்து நிற்கிறீர்களாம். லீவு கிடைக்கவில்லை என்று எங்களிடம் சொன்னீர்கள். ஆபீஸ் கதவுவரை போய், கேட்காமலேயே திரும்பிவிடுகிறீர்களாம். அவர் சொல்லக் கேட்டதும் அழுதேன். அப்புறம் கோபம் வந்தது. உங்கள்மேல் இல்லை.

இதோடு ஒரு கட்டு அனுப்பியிருக்கிறேன். மமதா வெட்டினாள், நான் எழுதினேன். உங்கள் கட்டிலில் துண்டை விரித்து மேக்ஸ்வெல் அண்ணனோடு ஆடுங்கள். மேலே இருக்கும் மூன்று சீட்டை மட்டும் கலைக்காதீர்கள். ஐ. வான்ட். லீவ். ஃபோர்மேன் முன்னால் கை அசைந்தால் அசையட்டும். அவன் சிரித்தால் சிரிக்கட்டும். நீங்கள் கையை எடுக்காதீர்கள்.

நான் இந்த வேலையை விடமாட்டேன். உங்களையும் விடமாட்டேன். கர்த்தர் உங்கள் வாய்க்குத் துணையாக இருப்பாராக. லீவு கேளுங்கள்.

உங்கள் மனைவி,
ரெபேக்கா சைலஸ்