இரண்டு காடுகளுக்கு நடுவில் நம் நிலம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. உன் அம்மாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேதான் பேனாவை எடுத்தேன். குளிர் அதிகம் என்றாயே, குழந்தைக்குக் காதை மூடிவிடு, உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். போனிலேயே பேசிவிடலாமே, எதற்குக் கடிதம் என்று உன் அம்மா கேட்டாள். போனில் நீ எதற்கெடுத்தாலும் சரிப்பா சரிப்பா என்று சொல்லிவிடுவாய், இதற்கு அந்தச் சரி வேண்டாம்.

மலையடிவாரத்தில் ஊர்க்காரர்கள் சேர்ந்து காடு வளர்க்கிறோம் இல்லையா, மேலே பாறைப் பக்கம் ஒரு துண்டு, கீழே ஓடைப் பக்கம் ஒரு துண்டு, இத்தனை வருஷமும் கைக்காசும் கை உழைப்புமாக ஓட்டியாயிற்று. தையல்கார அக்காதான் தலைவி. துணி தைக்க வருகிறவர்களை அளவெடுக்கும்போதே மடக்கி, கன்று நட வர்றியா இல்லையா என்று கத்தரிக்கோலும் கையுமாக நின்று கேட்டால் யார்தான் மறுப்பார்கள். இப்போது காட்டை மீட்க நிதி தரும் ஓர் அமைப்பு நம் பக்கம் திரும்பியிருக்கிறது. கிடைத்தால் நாற்றங்காலுக்கு, வேலிக்கு, கோடையில் தீக்காவலுக்கு என்று நம் ஆட்களுக்கே ஐந்து வருஷம் சம்பளம். பிழைப்பைத் தேடிப் போன பக்கத்து வீட்டுக்காரன்கூட மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பிவிடுவேன் என்கிறானாம்.

போன வாரம் அந்த அமைப்பிலிருந்து ஒரு பெண் வந்தாள், உன் வயதுதான் இருக்கும். இரண்டு துண்டையும் நடந்து பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு, ஆனா ரெண்டும் தனித்தனியா நிக்குதே, நடுவுல வெறும் நிலமா கிடந்தா விதையும் பரவாது, மிருகமும் கடக்காது, சேர்த்து ஒரே காடா ஆக்கினாத்தான் எங்க ஆளுங்க பணம் ஒதுக்குவாங்க என்றாள். நடுவில் கிடப்பது நம் மேட்டு நிலம், நீ வீடு கட்ட உன் பேரில் எழுதி வைத்தது. அங்கே நின்ற ஊர்க்காரர்கள் யாரும் நிலத்தைத் தா என்று கேட்கவில்லை. கேட்டால் என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியாது என்று தெரிந்தே கேட்காமல் இருந்தார்கள். தையல்கார அக்கா மட்டும் தனியாகக் கூப்பிட்டு, அது உங்க பொண்ணு வீடுண்ணே, நாங்க வேற வழி பாத்துக்கிறோம், மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

போன முறை வந்தபோது கல்லை அடுக்கி நீ வீடு போட்டுக் காட்டினாயே, இது கூடம், இது சமையலறை, இது அப்பா வந்தால் படுக்க என்று, அந்தக் கல்லெல்லாம் அப்படியே இருக்கிறது. சாயங்காலம் மோட்டார் பட்டறையைப் பூட்டிவிட்டு அங்கே போய் உட்காருவேன். சுவர் வர வேண்டிய இடத்தைத் தாண்ட மனசு வராது, சுற்றிக்கொண்டு வாசல் வழியாகத்தான் நுழைவேன். அம்மா பார்த்துவிட்டு, செருப்பையும் கழற்றி வைங்களேன் என்று சிரித்தாள். கழற்றித்தான் வைக்கிறேன், அவளிடம் சொல்லிவிடாதே. வெயில் இறங்கி மலை நீலமாகிற நேரம் கூடத்தில் கண்ணை மூடினால் பேத்தி அறைக்கு அறை ஓடுகிற சத்தம் கேட்கிறது, திறந்தால் வெறும் காற்று. பறவை போட்ட விதையோ என்னவோ, சமையலறையில் சில கன்றுகள் இடுப்பு உயரம் வந்துவிட்டன. யாரும் நடவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை. ஒருநாள் பனிமூட்டத்தில் மேல் காடும் கீழ்க் காடும் இறங்கி வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது, எழுந்து வரவே மனசில்லை. பிடுங்கலாம் என்று ஒரு கன்றில் கை வைத்தேன், முடியவில்லை. விடவும் முடியவில்லை, உன் சமையலறை ஆயிற்றே.

அந்தப் பெண்ணிடம் கல்லைக் காட்டி, என் மகள் வீடு என்றேன். அவளும் சுற்றி வந்து வாசல் வழியாகவே உள்ளே வந்தாள் பாப்பா. உங்க பொண்ணு எப்ப வர்றாங்க என்று கேட்டாள். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா, அவ வரமாட்டாங்க, நம்ம பொண்ணு வரவே மாட்டா, உங்களுக்குத்தான் புரிய மாட்டேங்குது என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

மாசக் கடைசியில் அந்தப் பெண் மறுபடி வருகிறாள். நிலத்தை விட்டுக்கொடு என்று கேட்டு நான் இதை எழுதவில்லை. வருவீர்களா, மாட்டீர்களா, அதை மட்டும் உடைத்துச் சொல். அங்கேயே வேலை, பள்ளிக்கூடம், பழகிய மனிதர்கள் என்று ஆகிவிட்டால் தப்பே இல்லை. அப்பா மனசு நோகுமே என்று பார்த்து அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று மட்டும் சொல்லாதே. வந்தால் வீடு, வராவிட்டால் காடு, எனக்கு இரண்டும் ஒன்றுதான் என்று மேலே எழுதி அடித்திருக்கிறேன் பார், அது பொய். எனக்கு நீ வர வேண்டும். ஆனால் வரமாட்டாய் என்றால் அங்கே முதல் கன்றை நான்தான் நடுவேன், வேறு யாரையும் நட விடமாட்டேன்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நல்லா இருங்கள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல், பேத்திக்கு என் முத்தம். மாசக் கடைசிக்குள் பதில் வந்துவிட வேண்டும், எழுதியே அனுப்பு. என் பேருக்குப் பட்டறை முகவரிக்கு அனுப்பு, அம்மா படிப்பதற்கு முன்னால் நான் ஒரு தடவை தனியாகப் படித்துக்கொள்கிறேன்.

உன் அப்பா