சிங்கத்தின் வாலைப் பிடித்த மீசைக்காரன்

மச்சான்,

இன்று காலை பென்ரோஸில் நம் தார்ப்பாய்ப் பட்டறையில் வெட்டுத் துண்டுப் பெட்டியைக் கொட்டினேன். அடியில் மஞ்சள் பருத்தித் துணி ஒன்று கிடந்தது. அதில் நீ சோக்கால் கீறிப் பழுதென்று எறிந்த வால், நுனியில் குஞ்சத்தோடு. அத்தோடு என் வேலை கெட்டது. மூன்று தரம் மெஷினில் இருந்தேன். மூன்று தரமும் எழும்பி நடந்தேன். முதலாளி ஒரு மாதிரிப் பார்த்தார்.

உனக்குத் தமிழில் தெரிந்த ஒரே சொல் மச்சான்தான். நான் தொலைபேசியில் யாரையோ மச்சான் என்றதைக் கேட்டு, அன்றிலிருந்து என்னையும் அப்படியே கூப்பிட்டாய். கானாவின் கடற்கரைக்காரனும் யாழ்ப்பாணத்தானும் எட்டு வருடம் பக்கத்துப் பக்கத்து மெஷினில் லொறிகளுக்குத் தார்ப்பாய் தைத்தோம். கதைத்தது ஆங்கிலத்தில்தான். ஆனால் உன் குரல் எனக்குள் எங்கள் ஊர்த் தமிழிலேயே கேட்கிறது, நான் என்ன செய்ய?

தேநீர் நேரத்தில் உனக்கு ஒரே கதைதான்: உங்கள் ஃபான்டி சனங்களின் கொடிகள். ஊருக்கு ஊர் பழைய போர்ப்படைகள். அப்பனின் படைதான் பிள்ளைக்கும். ஒவ்வொரு படைக்கும் அதற்கே உரிய நிறங்கள், அதற்கே உரிய உருவங்கள். காற்று எந்தப் பக்கம் திருப்பினாலும் தெரியவேண்டும் என்று துணியில் உருவத்தை வெட்டி இரண்டு பக்கமும் தைப்பீர்கள். எழுத்து வேண்டியதில்லை, எதிர்ப்படையைச் சீண்டப் படமே போதும். ஒரு படையின் உருவத்தை மற்றப் படை எடுத்ததற்காக முன்பு வெட்டுக்குத்தே நடந்திருக்கிறது என்றாய். வெள்ளைக்காரன் காலத்துக் கொடிகளின் மூலையில் அவனுடைய கொடி இருக்குமாம். சுதந்திரத்துக்குப் பிறகு அந்த இடத்தில் கானாவின் கொடி வந்ததாம். எதிர்க் கட்டடத்தில் பறந்த நியூசிலாந்துக் கொடியைக் காட்டி, “இவையள் அந்த மூலையை இன்னும் காலி பண்ணேல்லை” என்று சிரித்தாய்.

நானும் சிரித்தேன். ஆனால் எங்கள் நாட்டுக் கொடியைப் பற்றி நீ கேட்டபோதெல்லாம் கோப்பை கழுவ எழும்பிவிட்டேன்.

ஊரில் உன் தம்பி படைத்தலைவனாகப் போகிறான் என்ற செய்தி வந்தபோது உனக்கு ஏற்கெனவே உடம்பு முடியாமல் போயிருந்தது. புதுத் தலைவன் புதுக் கொடியோடு வரவேண்டும் என்பது உங்கள் வழக்கம். உருவங்களை நீயே வெட்டினாய். தைக்க உன்னால் இயலவில்லை. என்னிடம் தந்தாய். சிவப்புத் துணி, மஞ்சள் சிங்கம், அதன் வாலைப் பிடித்தபடி ஒரு மனிதன்.

“மற்றவை பயப்பிடுறதை நாங்கள் வாலில பிடிப்பம். அதுதான் கருத்து” என்றாய்.

பக்குரங்காவில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விரித்தேன். சிவப்பில் மஞ்சள் சிங்கம். நான் விட்டு வந்த நாட்டின் கொடியிலும் அப்படித்தான் ஒரு சிங்கம் நிற்கிறது. நான்கு நாள் மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். பிறகு சிங்கத்தை மடித்து வைத்துவிட்டு, பெரிய மீன் ஒன்றை வெட்டித் தைத்தேன். கடற்கரைச் சனம்தானே, மீனில் யாருக்கு என்ன கோபம்?

“அந்த மனிசன் கேட்டதைத் தையுங்கோவன். அது உங்கட கொடியே?” என்றாள் மனைவி. கேட்டேனா?

ஆஸ்பத்திரியில் உன் கட்டிலில் அதை விரித்தபோது நீ மீனின் மேல் விரலை வைத்தாய்.

“மச்சான், இது மற்றப் படையின்ர மீன். இதோட றோட்டில இறங்கினால் என்ர தம்பி தொலைஞ்சான். ஏன் மாத்தினனீ?”

எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது. சிங்கம் என்றேன். எங்கள் நாட்டுக் கொடி என்றேன்.

“என்ன நடந்தது?”

“பிறகு சொல்லுறன்.”

நீ என் முகத்தையே பார்த்தாய். “சரி, சிங்கத்தையே தை. ஆனா வாலைப் பிடிக்கிறவனுக்கு மீசை வை. உன்ர தொங்கல் மீசை” என்று சொல்லி, இருமல் வரும்வரை சிரித்தாய். சாகக் கிடந்தவன் நீ, ஆறுதல் வாங்கிக்கொண்டு வந்தவன் நான். இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மீனைப் பிரித்தேன். சிங்கத்தின் முதல் பக்கம் முடிந்த அன்று நீ போய்விட்டாய். மறுபக்கத்தை யாருக்குக் காட்டத் தைக்கிறேன் என்று தெரியாமலே தைத்தேன். மீசையும் வைத்தேன். இங்கே விரி என்ற புறநகரில் இருக்கும் உன் தங்கை அதை ஊருக்கு அனுப்பிவைத்தாள்.

போன ஞாயிறு உன் தம்பி வீடியோவில் அழைத்தான். கொடி தெருவுக்கு வந்துவிட்டதாம். ஆட்டக்காரன் அதை எறிந்து பிடித்து ஆடினானாம்.

“எல்லாரும் கேக்கினம், ஆரந்த மீசைக்காரன் எண்டு. எங்கட ஊரில அப்பிடி ஒருத்தரும் இல்லை. கதை தெரியாமல் நான் எப்பிடி இதைத் தூக்கிறது?”

நான் எழும்பிக் குசினிக்குப் போனேன். திரும்பி வந்தேன். அவன் காத்திருந்தான்.

சொன்னேன், மச்சான். நீ என் மீசையை வைக்கச் சொன்னதை. சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் எங்கள் பஸ்ஸை மறித்ததை. அண்ணனை இறக்கியதை, என்னை இறக்காததை. அண்ணனின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல், பஸ் வெளிக்கிடும்வரை சாவடிக் கூரையில் ஆடிய கொடியையே நான் பார்த்துக்கொண்டிருந்ததை. அவன் திரும்பி வராததை.

“நான் ஒரு வாலையும் பிடிக்கேல்லை, தம்பி” என்றேன்.

“என்ர அண்ணை வைக்கச் சொன்ன மீசையை நான் எடுக்கமாட்டன். கேக்கிறவைக்கு இனி இந்தக் கதையைச் சொல்லுவன்” என்றான். என் அண்ணனின் பெயரைக் கேட்டு, இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

இப்போது உங்கள் ஊர்த் தெருவில் என் அண்ணனின் பெயர் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நேரில் ஒரு நாளும் காணாத உன் தம்பிக்குத் தெரியும். எட்டு வருடம் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டே இருந்த உனக்குத் தெரியாது. அதுதான் மச்சான், என்னை ஓரிடத்தில் இருக்கவிடுகிறதில்லை.