அந்த ஒரு மூட்டைச் சாமை

மாமா,

மாலை வகுப்பில் படிக்கக் கிளம்பிவிட்டேன். சாமைச் சோறு அடுப்பு ஓரம் மூடியிருக்கிறது. கீரைக் கடையல் சின்னச் சட்டியில்.

வாணியம்பாடி வியாபாரி ஹுசைஃபா பாய் பொழுது சாய்வதற்குள் சாமை வாங்க வருவார். நாம் விளைத்த சாமையில் விற்காமல் நான் நிறுத்தி வைத்தது அந்த ஒரு மூட்டைதான். "விக்கறதத் தின்னுட்டு ரேஷன் அரிசிய இன்னாடி பண்றது, கோழிக்குப் போடறதா?" என்று காலையில் கேட்டீர்கள். சாமை உடம்புக்கு நல்லது என்று எனக்கு இன்னும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

முன்பெல்லாம் வகுப்பில் உட்கார்ந்ததும் கண் சொக்கும். பள்ளிக்கூட மேட்டை நின்று நின்றுதான் ஏறுவேன். இப்போது பேசிக்கொண்டே ஏறிவிடுகிறேன். சாமையாலா, கீரையாலா, சர்க்கரை போட்ட டீயை விட்டதாலா? மூன்றையும் ஒன்றாக மாற்றியது என் தப்பு. அதனால் இந்த வாரம் டீயை மட்டும் மறுபடி குடித்துப் பார்க்கிறேன். இதுவரை வகுப்பில் தூக்கம் வரவில்லை.

காவலர் வேலைக்கு ஓடிப் பழகுகிறீர்கள். நேற்று ஓடி வந்து வாசலிலேயே படுத்துவிட்டீர்கள், எனக்குப் பயமாகிவிட்டது. அரிசிச் சோறுதான் காரணம் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. தேர்வு வரைக்கும் நீங்களும் சாமை சாப்பிட்டுப் பார்க்கலாமே என்றுதான் மூட்டையை நிறுத்தினேன். கொடுப்பதும் வைப்பதும் உங்கள் இஷ்டம்.

கல்பனா

மூட்டை இருக்கும் அறைச் சாவி மாட்டுக்கொட்டகை ஆணியில்.

கோபத்தில் கொடுத்தாலும் இரண்டு படி எடுத்து வையுங்கள். எனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை.